214 வகை பீர் குடித்த பிறகும் பில்ஸ்னரே போதும் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்

பொன்னிறம் எழுதியது:

பதினோரு ஆண்டுகளாக ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். குடித்த ஒவ்வொரு புது பீருக்கும் நான்கு வரி: பெயர், நிறம், நுரை எவ்வளவு நேரம் நின்றது, விழுங்கிய பின் நாக்கில் என்ன மிஞ்சியது. சென்ற வாரம் எண்ணிப் பார்த்தேன். 214 வகை. அவற்றில் இரண்டாம் முறை தேடிப்போய் வாங்கியவை முப்பதுகூட இல்லை. கை தானாக எடுப்பது ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு பில்ஸ்னர்.

பில்ஸ்னரைச் சாதாரண பீர் என்று ஒதுக்குகிறவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. இன்றைய செக் நாட்டிலுள்ள பில்சென் நகரத்தார் 1838இல் கெட்டுப்போன 36 பீப்பாய் பீரை நகர மன்றத்தின் முன்னால் கொட்டினார்கள். அதன்பின் ஊரே சேர்ந்து புது ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசெப் க்ரோல் என்பவரை வரவழைத்தது. 1842 அக்டோபரில் அவர் காய்ச்சிய அந்த முதல் கொப்பரைதான் இன்று உலகம் முழுக்க ஓடும் பொன்னிற லாகர்களுக்கு, அதாவது குளிரில் நொதிக்கவிடும் பீர்களுக்கு, மூதாதை. உப்புச்சத்து மிகக் குறைந்த தண்ணீர், வெளிர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), சாட்ஸ் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் கொடியின் பூங்கூம்பு), குளிரில் பொறுமையாக வேலை செய்யும் ஈஸ்ட். வேறு எதுவும் கிடையாது. காய்ச்சியவர் கை சற்றுத் தவறினாலும் முதல் மடக்கிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது வருவதைப் பாருங்கள். பழக்கூழ், மிளகாய், சாக்லேட், உப்பு. போதாததற்குக் குதிரைக் கொட்டில் வாடை அடிக்கும் புளித்த பீருக்குச் ‘சிக்கலான சுவை’ என்று பட்டம். வேறு எந்த ஆலையிலாவது அந்த வாடை எழுந்தால் கொப்பரையோடு கொட்டிக் கழுவுவார்கள். குறையை ரசனை என்று விற்கிறார்கள், நாமும் தலையாட்டி வாங்குகிறோம்.

நான் வாங்கும் பில்ஸ்னர் பச்சை பாட்டிலில் வருவது. கேனிலும் கிடைக்கிறது. அதில் அந்தக் காட்டுப்புல் மணம் இல்லாததால் தொடுவதில்லை. புதிது தேடி அலைவது நாக்கைக் கெடுக்கும் என்பது என் கட்சி.

காட்டு ஈஸ்ட் எழுதியது:

குதிரைக் கொட்டில் என்றதும் என்னைத்தான் அழைக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன், ஐயா.

முதலில் உங்கள் குறிப்பேட்டைப் பற்றி. அது உங்களுக்கு எதிரான சாட்சி. 213 வகையைக் குடித்துப் பார்த்துவிட்டு ஒன்றில் வந்து நிற்பவரும், முதல் நாள் கையில் கிடைத்ததிலேயே நின்றுவிட்டவரும் ஒரே பாட்டிலைத்தான் பிடித்திருப்பார்கள். ஆனால் ஒருவருக்குத்தான் ஏன் என்று சொல்லத் தெரியும். அலைந்ததால் கிடைத்த நாக்கை வைத்துக்கொண்டு அலையாதே என்று மற்றவருக்குச் சொல்வது நியாயமா?

அடுத்து கொட்டில். பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள பகுதியில் லாம்பிக் என்ற புளிப்பு பீரைக் காய்ச்சுபவர்கள் கொதித்த மால்ட் சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி இரவு முழுக்கத் திறந்தே வைக்கிறார்கள். ஈஸ்ட்டைக் கையால் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரத்திலும் இருப்பவை தாமாக வந்து இறங்குகின்றன. கோடையில் வேண்டாத கிருமிகள் பெருகிவிடும் என்பதால் குளிர்மாதங்களில் மட்டுமே இந்த வேலை. பிறகு மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் உறக்கம். ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்து மறுபடியும் நொதிக்க விட்டால் அதற்குப் பெயர் கியூஸ். எனக்குப் பிடித்தது அதுதான், போட்டியே இல்லை.

முதல் முறை குடித்தபோது வினிகரைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். இரண்டாம் முறையும் அதே. ஐந்தாம் முறை கண்ணை மூடிக் குடித்தபோது எலுமிச்சைத் தோல், பழைய மரம், மழை நனைத்த வைக்கோல் என்று ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். எனக்குப் பழகப் பழகப் புளிப்பு இனித்தது.

நீங்கள் சொல்லும் வாடைக்குக் காரணம் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட். பெல்ஜியத்தின் ஓர்வால் மடத்து ஆலையில் அதை பாட்டிலில் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். புதிதாகத் திறந்தால் ஹாப்ஸ் மணக்கும் பீர், ஓராண்டு வைத்துத் திறந்தால் வேறொரு பீர். ஒரே பாட்டிலில் இரண்டு. உங்கள் குறிப்பேட்டில் எத்தனை என்று கணக்கு வைப்பீர்கள்?

கருங்குவளை எழுதியது:

நீங்கள் இருவரும் மோதிக்கொள்ளுங்கள், நான் ஸ்டவுட் என்ற கறுப்பு பீருக்காக ஒரு மனு கொடுத்துவிட்டுப் போகிறேன்.

கறுப்பு என்றாலே கனம், கறுப்பு என்றாலே போதை அதிகம் என்று இன்னும் எத்தனை பேர் நம்புகிறார்கள் தெரியுமா? கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம். கடையில் கிடைக்கும் வெளிர் லாகர்கள் பல 5 சதவீதம். அந்த நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருகிறது, ஆல்கஹாலிலிருந்து வருவதில்லை. பால் போன்ற நுரைக்குக் காரணம் நைட்ரஜன். அது பீரில் கரைய மறுக்கும் வாயு, அதனால் குமிழ்கள் மிகச் சிறிதாகி நாக்கில் பட்டுப்போல இறங்குகின்றன. கேனை ஆட்டினால் உள்ளே உருளும் பிளாஸ்டிக் பந்தின் வேலையும் அதுதான். திறந்த நொடியில் நைட்ரஜனைப் பீய்ச்சி நுரையை எழுப்புகிறது.

ரஷ்ய அரசவைக்கு அனுப்பப்பட்டதால் பெயர் பெற்ற இம்பீரியல் ஸ்டவுட்டை மாதம் ஒரு முறை, அரைக்குவளை. மற்ற நாட்களில் வறண்ட ஸ்டவுட். கருகிய ரொட்டியும் சர்க்கரை போடாத காபியும் சேர்ந்த வாசனை. குறிப்பேடெல்லாம் என்னிடம் இல்லை.

பச்சைக்கூம்பு எழுதியது:

ஹாப்ஸ் கட்சியிலிருந்து ஆள் வந்தாயிற்று.

பொன்னிறம் சொல்வதில் பாதி சரி. பில்ஸ்னரில் பிழையை மறைக்க முடியாது. ஆனால் பில்ஸ்னரின் வம்சம் என்று அவர் பெருமைப்படும் பொன்னிற லாகர்களில் பெரும்பகுதி இன்று அரிசியோ மக்காச்சோளமோ கலந்து, கசப்பை வடித்து, எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்பதற்காக எதையும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்ட பீர். மூதாதையின் புகழைப் பேரனுக்குக் கொடுக்க முடியாது.

அந்த மௌனத்தை உடைத்தது ஹாப்ஸ்தான். 1972இல் கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகை அமெரிக்காவில் வெளியானது. சியரா நெவாடா ஆலை 1980இல் அதை வைத்துப் பேல் ஏல் காய்ச்சியபோது, பழம் எதுவும் போடாமலே பீரில் பம்ப்ளிமாஸ் மணம் வரும் என்று பலர் முதல் முறையாகத் தெரிந்துகொண்டார்கள். இன்றைய ஐபிஏ (இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலான பீர்) அலையின் ஊற்றுக்கண்களில் அதுவும் ஒன்று. கசப்புப் போட்டி பைத்தியக்காரத்தனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். லேபிளில் கசப்பு அலகு 100 என்று பார்த்ததுமே வாங்கிய காலம் எனக்கும் உண்டு, ஒரு வாரம் நாக்கு மரத்துப்போன நினைவும் உண்டு. நல்ல ஐபிஏவில் கசப்பு தாளம்தான், பாட்டு மணத்தில் இருக்கிறது. அதுவும் புதிதாகக் குடித்தால் மட்டும். மூன்று மாதம் அலமாரியில் வைத்த ஐபிஏவைக் குடித்துவிட்டுத் திட்டுபவர்களோடு எனக்கு வாதம் இல்லை.

பொன்னிறத்திடம் ஒரு சந்தேகம். பச்சை பாட்டிலில் மட்டும் வரும் அந்தக் காட்டுப்புல் மணம் ஹாப்ஸ் மணம்தான் என்று உறுதியாகத் தெரியுமா?

பொன்னிறம் எழுதியது:

சாட்ஸ் ஹாப்ஸ். சந்தேகமே வேண்டாம். பதினோரு ஆண்டு மூக்கு.

அரைக்குவளை எழுதியது:

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே மதுபானங்களைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பீருக்கு விலக்கு இல்லை. பிடித்த பீர் எது என்ற பேச்சில் ஆல்கஹால் நீக்கிய கோதுமை பீருக்கும் ஓர் இடம் கொடுங்கள். வாழைப்பழமும் கிராம்பும் கலந்த அந்த வாசனை ஈஸ்ட் உண்டாக்குவது, ஆல்கஹாலை எடுத்த பிறகும் ஓரளவு தங்குகிறது.

கருங்குவளை எழுதியது:

அது பீரே அல்ல என்று எழுத வந்தேன். போன மாதம் வண்டி ஓட்ட வேண்டியிருந்ததால் ஒன்று குடித்தது நினைவுக்கு வந்தது. எழுத வந்ததை எழுதவில்லை.

சோதித்துப்பார் எழுதியது:

எல்லோரும் மூக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். ஆறு நண்பர்கள். இரண்டு பிரபல வெளிர் லாகர்கள், ஆளுக்கொரு கட்சி, ஒன்றைத் தொட்டவர் மற்றதைத் தொடமாட்டார். ஒவ்வொருவருக்கும் மூன்று குவளை வைத்தேன். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. எது தனி என்று சொன்னால் போதும்.

ஆறு பேரில் இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு விரலை நீட்டினாலும் ஆறில் இரண்டு பேர் சரியாகச் சொல்வார்கள். அன்று இரவு இருவர் என்னோடு பேசவே இல்லை. லேபிளை மறைத்தால் பாதி ரசனை போய்விடுகிறது என்பது என் எண்ணம். பில்ஸ்னரா லாம்பிக்கா என்பது இரண்டாம் கேள்வி.

பொன்னிறம் எழுதியது:

குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினீர்களா?

சோதித்துப்பார் எழுதியது:

ஆம். ஏன்?

பொன்னிறம் எழுதியது:

பிறகு என்ன சோதனை! உறைபனி அருகே பீரின் மணம் எழும்புவதே இல்லை, நாக்கும் மரத்துவிடுகிறது. ஜலதோஷக்காரரை அழைத்து வாசனைத் திரவியத்துக்குத் தீர்ப்புச் சொல்லச் சொல்வது போன்ற வேலை. பில்ஸ்னருக்கு 7 டிகிரியாவது வேண்டும். இங்கிலாந்தில் பீப்பாயிலிருந்து நேரே இறக்கும் ஏலை 11 முதல் 13 டிகிரிக்குள் கொடுப்பது அறியாமையால் அல்ல.

கருங்குவளை எழுதியது:

இந்த ஒரு விஷயத்தில் பொன்னிறத்தின் பக்கம் நிற்கிறேன். ஸ்டவுட்டைப் பனிக்கட்டியாக்கிக் கொடுப்பவர்களிடம் எனக்கும் பழைய பகை உண்டு.

பச்சைக்கூம்பு எழுதியது:

என் கேள்விக்குத் திரும்புகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பீரில் ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது ஹாப்ஸின் கசப்புப் பொருளை உடைக்கிறது. உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்து ஒரு புதுப்பொருள் உண்டாகிறது. ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் திரவத்தின் நாற்றத்துக்கு அது நெருங்கிய உறவு. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கிறது, பச்சைக் கண்ணாடி தடுப்பதில்லை, கேனுக்குள் வெளிச்சமே போகாது. உங்கள் மணம் பாட்டிலில் உண்டு, கேனில் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

காட்டு ஈஸ்ட் எழுதியது:

வேறு எந்த ஆலையிலாவது அந்த வாடை எழுந்தால் கொப்பரையோடு கொட்டிக் கழுவுவார்கள் என்று முதல் பதிவில் யாரோ எழுதியிருந்தார்களே.

பொன்னிறம் எழுதியது (ஒன்பது நாள் கழித்து):

வாதத்தை விட்டு ஓடிவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். சோதனை செய்துகொண்டிருந்தேன்.

என் பில்ஸ்னர், பாட்டிலில் ஒன்று, கேனில் ஒன்று. இரண்டும் 8 டிகிரி. தம்பி சமையலறையில் ஊற்றி மூன்று குவளையாகக் கொண்டுவந்தான். தனிக்குவளையை முகர்ந்ததுமே காட்டினேன். பிடித்தது எது என்று கேட்டான். யோசிக்காமல் தொட்டேன். பாட்டில்.

மறுநாள் கேன் பீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, வெயில் விழும் ஜன்னலில் பத்து நிமிடம் வைத்தேன். முகர்ந்து பார்த்தேன். அதே காட்டுப்புல். பதினோரு ஆண்டாக சாட்ஸ், சாட்ஸ் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். எல்லாம் கடை விளக்கு செய்த வேலை.

வெயில் படாத கேன் பீரை ஒரு முழுக்குவளை குடித்தேன். சுத்தமாக இருக்கிறது, ரொட்டி மணம் தெரிகிறது, க்ரோல் ஒருவேளை இதைத்தான் காய்ச்சியிருப்பார். எனக்குப் பிடிக்கவில்லை.

சோதித்துப்பார் எழுதியது:

ஒருமுறை சரியாகச் சொன்னது கணக்கில் வராது, மூன்றில் ஒரு வாய்ப்பு. ஐந்து முறை செய்யுங்கள். ஐந்தும் தற்செயலாகச் சரியாக வர 243இல் ஒரு வாய்ப்புதான் உண்டு.

பொன்னிறம் எழுதியது:

ஐந்து முறை செய்தாயிற்று, ஒன்பது நாள் வேறு எதற்காக? ஐந்தும் சரி.

காட்டு ஈஸ்ட் எழுதியது:

குறை என்று ஊர் சொல்வதை விரும்புகிறவர்கள் கூட்டத்துக்கு வாருங்கள், ஐயா. கொட்டில் பக்கம் இடம் இருக்கிறது.

பொன்னிறம் எழுதியது:

வரமாட்டேன். வெயில் வேறு, கொட்டில் வேறு.

கேன் இன்னும் நான்கு மிச்சம் இருக்கிறது. குடிக்க மனம் வரவில்லை.

கருங்குவளை எழுதியது:

குவளையில் ஊற்றி ஜன்னலில் வையுங்கள்.