பொருள்: தொடரில் புதிதாகச் சேர்க்கப்படும் அணிக்கு ஒரு தமிழ்ச்சொல் (பாப்புவா நியூ கினி பாடம்)

குன்னூர், மொழிபெயர்ப்பாளர்:

குழும அன்பர்களுக்கு வணக்கம். உடற்கல்விப் பட்ட வகுப்புக்கான விளையாட்டு மேலாண்மைப் பாடத்தில் ஓர் அத்தியாயத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் தொடர் பாப்புவா நியூ கினிக்கு ஓர் அணியை வழங்குவதைப் பற்றிய அத்தியாயம் அது. 2024 டிசம்பரில் வெளியான அறிவிப்பின்படி, போர்ட் மோர்ஸ்பியைத் தாயகமாகக் கொண்ட அணி 2028ஆம் ஆண்டுப் பருவத்தில் களமிறங்கும். அந்த அணிக்கும், பசிபிக் தீவுகளில் அடிமட்ட அளவில் அந்த விளையாட்டை வளர்ப்பதற்குமாக ஆஸ்திரேலிய அரசு பத்து ஆண்டுகளில் 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர முன்வந்திருக்கிறது.

நான் சிக்கிக்கொண்டிருப்பது ‘எக்ஸ்பான்ஷன் டீம்’ என்ற சொல்லில். ஐரோப்பியக் கால்பந்தில் கீழ்ப்பிரிவில் வென்ற அணி மேலே ஏறும், தோற்ற அணி கீழே இறங்கும். இந்தத் தொடரிலோ ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தொடரை நடத்தும் அமைப்பு உரிமம் கொடுத்தால்தான் ஒரு புதிய அணி உள்ளே வர முடியும். 2023இல் டால்ஃபின்ஸ் அணி அவ்வாறுதான் வந்தது. இதைப் ‘புதிய அணி’ என்றால் நேற்றுத் தொடங்கிய எந்த அணியையும் அது குறிக்கும். ‘விரிவாக்க அணி’ என்றால் சாலை விரிவாக்கம் நினைவுக்கு வருகிறது. ‘சாலரி கேப்’ (ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரக்கூடிய மொத்த ஊதியத்துக்கான எல்லை) போன்ற பிற சொற்களின் பட்டியலையும், ‘வளரும் நாடு’ என்று நான் எழுதியிருக்கும் வரைவையும் இணைத்திருக்கிறேன். ஆன்றோர் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கோத்தகிரி, பணிநிறைவு பெற்ற தமிழாசிரியர்:

அம்மா அவர்களுக்கு வணக்கம். அணிக்குப் பெயர் தேடுவதற்கு முன் ஆட்டத்தின் பெயரை நேர் செய்துகொள்ள வேண்டும். ரகரமும் லகரமும் மொழிக்கு முதலாகா என்பதும், ககர ஒற்று தன்னோடன்றிப் பிற மெய்யோடு மயங்காது என்பதும் இக்குழுமத்தில் யாரும் அறியாதவை அல்ல. ஆகவே ‘ரக்பி லீக்’ என்று எழுதுவது இரண்டு விதிகளையும் ஒருங்கே மீறுவதாகும். ‘இரக்குபி இலீக்கு’ என்று எழுதிப் பழகினால் கண்ணும் பழகிவிடும். உரோமும் இலண்டனும் நமக்குப் பழகவில்லையா?

தாங்கள் கேட்ட சொல்லுக்கு நான் பரிந்துரைப்பது ‘சேர்ப்பணி’. சேர் என்னும் வேர் தன்வினையாகவும் பிறவினையாகவும் நிற்கும் ஆற்றல் உடையது; அணி தானே வந்து சேர்ந்தது என்பதையும், தொடர் அதைச் சேர்த்துக்கொண்டது என்பதையும் ஒரே சொல் தாங்கும். சங்கத் தமிழில் சேர்ப்பு என்பது கடற்கரையையும் குறிக்கும். நெய்தல் தலைவனுக்குச் சேர்ப்பன் என்று பெயர் அமைந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். நிலமும் நீரும் சேரும் இடம் சேர்ப்பு. மலையும் சமநிலமும் சேரும் இடம் சாரல். சாரலுக்கு உரியவன் சேரல் என்று நான் நெடுங்காலமாகக் கருதிவருகிறேன். கடல் சூழ்ந்த ஒரு தீவு நாடு, அதன் நடுவே நம்முடைய தொட்டபெட்டாவைவிட மிக உயர்ந்த மலைகள், அந்த நாட்டிலிருந்து வரும் ஓர் அணி என்னும்போது இச்சொல் எல்லா வகையிலும் பொருந்தி வருகிறது.

உதகை, உடற்கல்வி விரிவுரையாளர்:

ஐயாவின் புலமைக்கு மதிப்பளித்தே எழுதுகிறேன். இந்த அத்தியாயத்தைப் படிக்கப்போகிறவர்கள் என் வகுப்பு மாணவர்கள் என்பதால், நேற்றுப் பாடத்தின் நடுவே ஐயாவின் சொல்லைச் சொல்லி, ஏட்டில் எழுதச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த மாணவி ‘சேர்ப்புப் பணி’ என்று எழுதியிருந்தார். பின்வரிசையில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதையே எழுதி, மாணவர் சேர்ப்புக்கான வேலை என்று பொருள் சொன்னார்கள். சேர்ப்பு, அணி என்று நான் பிரித்துச் சொன்ன பிறகே அவர்களுக்கு விளங்கியது. விளக்கினால்தான் விளங்கும் கலைச்சொல் தேர்வுத் தாளில் மாணவரைக் கைவிட்டுவிடும்.

‘இரக்குபி’யையும் என்னால் ஏற்க இயலாது. ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1880களில் எழுத்து வடிவம் பெற்றுச் சுவரில் மாட்டப்பட்டது இங்கே ஊட்டி கிளப்பில்தான். அந்த ஊரிலேயே ஸ்னூக்கர் ஸ்னூக்கராகத்தான் வழங்குகிறது. விளையாட்டின் பெயரை விட்டுவிட்டு, விளையாட்டுக்குள் இருக்கும் கருத்துகளுக்குத் தமிழ் செய்வோம் என்பதே என் கோரிக்கை.

அம்மாவின் பட்டியலில் உள்ள ‘சாலரி கேப்’ என்பதற்கு ‘ஊதிய உச்சவரம்பு’ போதும். நில உச்சவரம்புச் சட்டம் நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது, இனி அதில் பேச ஒன்றுமில்லை.

உண்மையான சிக்கல் ‘லீக்’, ‘யூனியன்’ என்ற இரண்டு சொற்களில்தான் இருக்கிறது. ரக்பி லீக் என்பது ஒரு தொடரின் பெயரன்று, அது ரக்பி யூனியனிலிருந்து பிரிந்த தனி ஆட்டம். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிய வட இங்கிலாந்துக் கழகங்கள், ஆட்டத்துக்காக வேலைக்கு விடுப்பு எடுக்கும் தொழிலாளர்களுக்கு இழந்த கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோரிக்கையில் பிரிந்து போயின. பின்பு 1906இல் ஆட்டக்காரர்களைப் பதினைந்திலிருந்து பதின்மூன்றாகக் குறைத்து விதிகளையும் மாற்றின. பிடிபட்ட வீரர் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, குதிகாலால் பின்னே உருட்டி ஆட்டத்தைத் தொடங்கும் முறை அப்போது வந்ததுதான். இந்த வேறுபாடு தெரியாவிட்டால் பாப்புவா நியூ கினியில் எந்த ஆட்டத்துக்கு அவ்வளவு கூட்டம் கூடுகிறது என்பதே மாணவருக்கு விளங்காது. யூனியனை ‘ஒன்றிய ரக்பி’ என்று எழுதினால், நான்கு ஊராட்சி ஒன்றியங்கள் உள்ள இந்த மாவட்டத்தில் அதை ஒன்றிய அளவிலான போட்டி என்றே படிப்பார்கள். ‘எழுவர் கால்பந்து’ என்று சுவரொட்டியில் பார்த்துப் பழகிய மாணவர்களுக்குப் ‘பதின்மூவர் ரக்பி’, ‘பதினைவர் ரக்பி’ என்றால் சொன்னவுடன் புரியும்.

கோத்தகிரி, பணிநிறைவு பெற்ற தமிழாசிரியர்:

பதின்மூவர், பதினைவர் ஆகிய இரண்டும் அருமையான ஆக்கங்கள், மனமார ஏற்கிறேன். ஒரு நெருடல் மட்டும் உண்டு. பிரிந்து சென்ற பின்னும் பதினொரு ஆண்டுகள் அந்தக் கழகங்கள் பதினைந்து பேரோடுதான் ஆடின என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது ‘பதின்மூவர்’ பொய்யாகிவிடுமே. அங்கே மட்டும் ‘பிரிவினைக் கழகங்கள்’ என்று எழுதலாம்.

சேர்ப்பணியை மாணவர்கள் பணியாகப் படித்தது புணர்ச்சி இலக்கணம் வகுப்பறையை விட்டுப் போய்விட்டதன் விளைவு. நோய் அங்கே இருக்கச் சொல்லைத் தண்டிப்பது முறையன்று.

கூடலூர், தேயிலைத் தோட்டப் பணியாளர்:

வணக்கம். 1964ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து, டேன்டீ எனப்படும் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்பில் தங்கிய குடும்பம் எங்களுடையது. அங்கே கண்டியில் இந்த விளையாட்டுக்கு, அதாவது உங்கள் பதினைவர் ஆட்டத்துக்கு, பெரும் மதிப்பு உண்டு. அந்நாட்டுத் தமிழ்த் தாள்களில் ‘றக்பி’ என்றே எழுதுவார்கள். றகரமும் மொழிக்கு முதலாகாது என்பது தெரிந்தும் பல்லாண்டுகளாக எழுதி வருகிறார்கள், அதனால் வாசகர் யாரும் தடுமாறவில்லை. ‘வளரும் நாடு’ என்று அம்மா எழுதியிருக்கும் இடத்தில் ‘வளர்முக நாடு’ என்று எழுதலாம். இலங்கையில் வழக்கத்தில் உள்ள சொல் அது, வளர்ச்சியை நோக்கி முகம் திருப்பிய நாடு என்ற பொருள் அதில் கிடைக்கிறது.

அணிக்கு எனக்குத் தோன்றும் சொல் ‘பதியணி’. மல்லிகைக் கொடியை வளைத்து, ஒரு கணுவை மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்து, வேர் பிடிக்கும்வரை தாய்க்கொடியிலிருந்து வெட்டாமல் விடுவதைப் பதியம் போடுதல் என்கிறோம். பத்து ஆண்டுகள் ஆஸ்திரேலியப் பணத்தில் நின்று, பிறகு தன் வேரில் நிற்க வேண்டிய அணிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

கொடைக்கானல், சமூகவியல் பேராசிரியர்:

கூடலூர் அன்பரின் சொல்லை முதலில் படித்தபோது இதுவே முடிவு என்று நினைத்தேன். மறுமுறை எண்ணியபோது அது நாம் சொல்லவரும் செய்திக்கு நேர் எதிரானது என்று தோன்றியது. பதியத்தில் வேர் புதிதாகப் பிடிக்க வேண்டும். பாப்புவா நியூ கினியில் வேர் ஏற்கெனவே இருக்கிறது. எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் அந்த நாட்டில் எல்லாரும் ஒன்றாகப் பேசும் விளையாட்டு ரக்பி லீக்தான். அதை நாட்டின் தேசிய விளையாட்டு என்றே சொல்கிறார்கள். தேசிய அணியின் பெயரான குமுல் என்பது அந்நாட்டின் பொதுமொழிகளில் ஒன்றான டோக் பிசினில் சொர்க்கப் பறவையைக் குறிக்கும்; நாட்டுக் கொடியில் உள்ள பறவையும் அதுதான். அந்நாட்டின் ஹன்டர்ஸ் அணி 2014 முதல் குயின்ஸ்லாந்து மாநிலத் தொடரில் ஆடி, 2017இல் கோப்பையையும் வென்றது. இல்லாத இடத்தில் எதையும் யாரும் நடவில்லை.

இங்கே சொல்லின் இலக்கணத்தைப் பார்க்க வேண்டும். ‘விரிவாக்கம்’ என்றால் விரிப்பவர் சிட்னியில் இருக்கிறார், விரிக்கப்படும் நிலம் போர்ட் மோர்ஸ்பி. அந்நாட்டு மக்கள் எழுவாயாக வர அந்தச் சொல்லில் இடமே இல்லை. 1975 செப்டம்பர் 16 வரை ஆஸ்திரேலிய ஆட்சியில் இருந்த நாட்டைப் பற்றி எழுதும்போது இதை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. பசிபிக் பகுதியில் சீனாவின் செல்வாக்கைக் குறைக்க வேண்டும் என்ற ஆஸ்திரேலிய அரசின் எண்ணமும் இந்தப் பணத்தின் பின்னே இருக்கிறது, அதையும் மாணவர் அறிய வேண்டும். ஆனால் அந்நாட்டு மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுப் பெற்ற இடம் இது என்பதும் அதே அளவு உண்மை. ஆகவே வருகிறவரின் பக்கம் நிற்கும் ‘புகுமுக அணி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘வளர்முக நாடு’ என்பதோடும் அது இசைந்து வரும்.

உதகை, உடற்கல்வி விரிவுரையாளர்:

பேராசிரியர் சொல்லும் நியாயம் முழுவதையும் ஏற்கிறேன், சொல்லை மட்டும் ஏற்க முடியவில்லை. புகுமுக வகுப்பு என்பது முன்பு பட்டப்படிப்புக்கு முந்தைய படியாக இருந்தது. புகுமுக அணி என்றால் இன்னும் முழுத் தகுதி பெறாத, சோதனைக் காலத்தில் உள்ள அணி என்று ஆகிவிடும். உள்ளே வந்தபின் மற்ற அணிகளுக்கு உள்ள அதே ஊதிய உச்சவரம்பு, அதே புள்ளிப்பட்டியல், அதே விதிகள்தாம் இந்த அணிக்கும். மேலும் இந்தப் பெயர் பாப்புவா நியூ கினிக்கு மட்டும் உரியதன்று. 1995இல் ஆக்லாந்து அணி இதே வழியில் ஆஸ்திரேலியத் தொடருக்குள் வந்தது. 2027இல் பெர்த் அணி வரவிருக்கிறது. பெர்த்துக்கும் போர்ட் மோர்ஸ்பிக்கும் ஒரே சொல் பொருந்தினால்தான் அது கலைச்சொல்.

கோத்தகிரி, பணிநிறைவு பெற்ற தமிழாசிரியர்:

‘விரிவணி’ என்று சுருக்கலாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருக்கிறார். கூடாது. பார்ப்பவர்கள் அதை உவமையணி, உருவக அணி வரிசையில் வைத்துச் செய்யுளில் தேடத் தொடங்குவார்கள். ‘பதியணி’யில் பதி என்பது கணவனையும் ஊரையும் இறைவனையும் இழுத்து வரும். சேர்ப்பணிக்கு ஒரே ஒரு மயக்கம்தான் சொல்லப்பட்டது, அதையும் ‘சேர்ப்பு அணி’ என்று இடைவெளி விட்டு எழுதினால் தீர்த்துவிடலாம்.

கூடலூர், தேயிலைத் தோட்டப் பணியாளர்:

பேராசிரியர் எழுதியதைப் படித்தபின் பதியணியைத் திரும்பப் பெறுகிறேன். இடைவெளி விட்ட ‘சேர்ப்பு அணி’ எனக்கு உடன்பாடே. ஆனால் பத்திரிகைக்காரர்கள் முன்பே ‘விரிவாக்கம்’ என்று எழுதிப் பழகியிருக்கிறார்கள். தொடர் விரிவாக்கம் என்பதும் சேர்ப்பு அணி என்பதும் அடுத்தடுத்த வரிகளில் வந்தால், இரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்று மாணவருக்குத் தெரியுமா என்பதே என் ஐயம்.

குன்னூர், மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. நாளை காலை அத்தியாயத்தை அனுப்ப வேண்டியிருப்பதால் இப்போதைய நிலையைத் தெரிவிக்கிறேன். பதின்மூவர் ரக்பி, பதினைவர் ரக்பி, ஊதிய உச்சவரம்பு, வளர்முக நாடு ஆகிய நான்கும் அப்படியே போகின்றன. ‘ரக்பி’ ரகரத்திலேயே தொடங்கும். தேசிய ரக்பி லீக் என்பது ஓர் அமைப்பின் பெயர் என்பதால் அதில் கை வைக்கவில்லை.

அணியைப் பொறுத்தவரை, எனக்குத் தனிமடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘விரிவாக்க அணி’ புரியும் என்கிறார்கள். அதை விரும்புவதாக ஒருவரும் எழுதவில்லை. வேறு வழியின்றி அதையே இட்டிருக்கிறேன். பேராசிரியரின் கருத்து என்னை விடாமல் தொடர்ந்ததால் வாக்கிய அமைப்பில் ஒரு மாற்றம் செய்தேன். ‘தேசிய ரக்பி லீக் தன் தொடரைப் பாப்புவா நியூ கினிக்கு விரிவாக்குகிறது’ என்றிருந்த முதல் வரி, இப்போது ‘பாப்புவா நியூ கினி 2028இல் தேசிய ரக்பி லீக் தொடரில் விரிவாக்க அணியாக நுழைகிறது’ என்று நிற்கிறது. எழுவாய் அந்த நாடாகிவிட்டது.

கோத்தகிரி, பணிநிறைவு பெற்ற தமிழாசிரியர்:

வாக்கியம் செம்மையாக இருக்கிறது, வாழ்த்துகள். ‘நுழைகிறது’ என்ற வினை வந்தபின் ‘விரிவாக்க’ என்ற அடை அங்கே முரணாக நிற்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். நுழைகிறவர் எப்படி விரிவாக்கம் ஆவார்? ‘சேர்ப்பு அணியாக நுழைகிறது’ என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். என் மறுப்பு குழுமத்தின் பதிவில் இருக்கட்டும். இந்த அத்தியாயம் மறுபதிப்புக்கு வரும்போது மீண்டும் எழுப்புவேன்.

உதகை, உடற்கல்வி விரிவுரையாளர்:

அடுத்த அத்தியாயத்தில் ‘ட்ரை’ வருகிறது. எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றினால் பதின்மூவர் ஆட்டத்தில் நான்கு புள்ளி. ‘முயற்சி’ என்று எழுதினால் புள்ளி பெற்றவரைத் தோற்றவராகப் படிப்பார்கள். ‘ஊன்றல்’ என்று தொடங்கிவைக்கிறேன், மறுப்பு இருந்தால் திங்கட்கிழமைக்குள் எழுதவும்.