ஸ்காட்பர்க் கடற்கரைக்கு மேலே மின்சாரம் இழந்த நாள்

தென்னாப்பிரிக்காவின் மார்கேட்டிலிருந்து டர்பனின் வர்ஜீனியா விமான நிலையத்துக்குக் கடற்கரையை ஒட்டியே பறந்து வருவது எங்களுக்குப் பழகிய வழி. அன்று செஸ்னா 172 விமானத்தில் என் அக்காள் மகனும் உடன் இருந்தான். ஸ்காட்பர்க்கைத் தாண்டும்போது ரேடியோவின் எண்கள் மங்குவதைக் கண்டு அம்மீட்டரைப் பார்த்தேன். முள் இடப்பக்கம் சாய்ந்திருந்தது; பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியேறுகிறது என்று அதற்குப் பொருள். குறை மின்னழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. காலை வெயில் நேராக அதன்மேல் விழுந்ததால், எவ்வளவு நேரமாக எரிகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு இன்றும் உறுத்தும் செய்தி. எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யாததால், அதுவரை எங்கள் ரேடியோவும் விளக்குகளும் பேட்டரியைத்தான் தின்றுகொண்டிருந்தன.

"மாமா, எஞ்சின் நின்னுடுமா?" என்று பையன் கேட்டான். "நிக்காதுடா, அதுக்கு மேக்னெட்டோ தனியா இருக்கு" என்றேன். எஞ்சின் சுழலும் வரை மேக்னெட்டோ தானே தீப்பொறி தரும். அதற்குப் பேட்டரியும் வேண்டாம், ஆல்டர்னேட்டரும் வேண்டாம். இதைத் தெளிவாக அறியாதவர்கள்தான் பதறிப்போய், நல்ல விமானத்தை அவசரமாக ஏதோ ஒரு வயலில் இறக்குகிறார்கள்.

ரேடியோவை அணைத்து, சர்க்யூட் பிரேக்கரைச் சரிபார்த்து, பேட்டரிக்கு ஒன்றும் ஆல்டர்னேட்டருக்கு ஒன்றுமாக உள்ள மாஸ்டர் சுவிட்சின் இரு பாதிகளையும் அணைத்து மீண்டும் போட்டேன். சிவப்பு விளக்கு திரும்பவும் எரிந்தது. ஆகவே ஆல்டர்னேட்டர் பாதியை மட்டும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு ரேடியோவைத் தவிர மற்ற அனைத்தையும் நிறுத்தினேன். கேட்பதைவிடப் பேசுவதற்கு ரேடியோ பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால், சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்த பிறகே பொத்தானை அழுத்தினேன். மார்கேட்டுக்குத் திரும்பவும் வாய்ப்பு இருந்தது. ஆனால் வானிலை தெளிவாக இருந்தது, எரிபொருளும் போதுமானதாக இருந்தது, வர்ஜீனியாவில் ரேடியோ இல்லாவிட்டாலும் விளக்கால் சைகை காட்டக் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பழுது பார்க்க ஆளும் உண்டு. கோபுரத்தில் இருந்தவர், 05 ஓடுபாதைக்கு நேராக வருமாறும் ரேடியோ நின்றுவிட்டால் தரையிறங்க அனுமதி தரும் பச்சை விளக்கை எதிர்பார்க்குமாறும் நிதானமாகக் கூறினார். துறைமுகத்தைத் தாண்டியதும் ரேடியோ அடங்கிவிட்டது.

மெதுவாக இறங்க உதவும் இறக்கை மடிப்பான ஃபிளாப்பைத் தொடுவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அதன் மோட்டாரும் மின்சாரத்தில் இயங்குவதுதான். முழுவதும் இறக்கிய பின் மின்சாரம் போய்விட்டால், தரையிறங்காமல் மீண்டும் மேலேற நேரும்போது அதை உள்ளிழுக்க வழியிருக்காது. உம்கேனி ஆற்று முகத்துவாரத்தைக் கடந்த சற்று நேரத்தில் கோபுரத்திலிருந்து நிலையான பச்சை விளக்கு தெரிந்தது. அதைப் பையன்தான் முதலில் கண்டான். ஏறத்தாழ 65 நாட் வேகத்தில், வழக்கத்தைவிடத் தட்டையான கோணத்தில் இறங்கினோம். ஓடுபாதை ஆயிரம் மீட்டருக்கும் குறைவு என்றாலும், எதிர்க்காற்று இருந்ததால் பிரேக்கை அழுத்தி மிதிக்கத் தேவைப்படவில்லை.

மூடியைத் திறந்த மெக்கானிக், ஆல்டர்னேட்டருக்குப் பின்னால், அதன் காந்தப்புலத்துக்கு மின்சாரம் தரும் மெல்லிய ஃபீல்ட் ஒயரை இரு விரலால் பிடித்து இலேசாக இழுத்தார். வெளி உறை முழுதாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி அறுந்து கையோடு வந்தது. புறப்படும் முன் அதே இடத்தை நானும் டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன்.