மறு: ஆக்சலாட்டில் குஞ்சு வளர்ப்பு – ‘தன்னினவுண்ணல்’ பொருந்துமா? ‘கால்கவ்வல்’ என ஒரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆக்சலாட்டில் (மெக்சிகோவின் சாலமாண்டர் வகை; வாலுள்ள நீர்நில வாழ்வி) வளர்ப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் பெரும்பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லில் மட்டும் என்னால் உடன்பட முடியவில்லை. முந்தைய மடலில் ஐயா எழுதியிருந்தது இது:

> குஞ்சுகள் ஒன்றன் காலை ஒன்று கடிப்பதற்குத் ‘தன்னினவுண்ணல்’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. புதிதாக ஒன்றை ஆக்க வேண்டிய தேவை என்ன?

இருக்கிற சொல்லை ஒதுக்கிவிட்டுப் புதுச்சொல் தேடக் கூடாது என்பதில் ஐயாவின் பக்கம்தான் நானும். ஆனால் இது அகராதிப் பதிவு மட்டும் அல்ல. கையேட்டில் அச்சாகப் போகும் சொல். நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நெளியும் தொட்டிக்கு முன்னால் நிற்பவர், இந்தச் சொல்லைப் படித்துவிட்டுத்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பார். ‘தன்னினவுண்ணல்’ என்று படித்தால் தின்கிறவன் யார் என்று தேடுவார். பெரிதாகத் தெரியும் ஒன்றிரண்டைப் பிடித்து வேறு தொட்டியில் விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார். மறுநாளும் கால்கள் குறையும். ஏனென்றால் அங்கே தனியாக ஒரு கொலைகாரன் இல்லை. எல்லாக் குஞ்சுகளும்தான் கவ்வுகின்றன.

ஏன் கவ்வுகின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். சொல் அங்கிருந்துதான் பிறக்க வேண்டும்.

ஆக்சலாட்டில் ஒரு முறைக்கு நூறு முட்டையும் இடும், ஆயிரமும் இடும். வெப்பநிலையைப் பொறுத்து இரண்டு மூன்று வாரங்களில் அவை பொரிகின்றன. வெளியே வரும் குஞ்சு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். கால்கள் இல்லை. முதல் இரண்டு மூன்று நாட்கள் வயிற்றில் எஞ்சியிருக்கும் கருவுணவிலேயே வாழும், அசையாமல் கிடக்கும். அதற்குப் பிறகுதான் பசி வருகிறது. அந்தப் பசிக்கு அசைவுதான் தூண்டுதல். எதிரே ஏதாவது நகர்ந்தால் வாயைத் திறந்து, நீரோடு சேர்த்து உள்ளே இழுக்கும். நகராத உணவை, எத்தனை சத்துள்ளதாக இருந்தாலும், இந்தப் பருவத்துக் குஞ்சு ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வளர்ந்த பிறகுதான் மணத்தை வைத்து, அசையாத குளிகையையும் எடுக்கப் பழகுகிறது.

இப்போது முன்கால்கள் முளைக்கின்றன. தவளையின் தலைப்பிரட்டைக்கு முதலில் வெளியே தெரிவது பின்கால், இதற்கு முன்கால். முளைத்த கால் பக்கத்துக் குஞ்சின் முகத்துக்கு முன்னால் மெல்ல அசைகிறது. அளவில் சிறியது, நகர்கிறது: இரைக்கு வேண்டிய இரண்டு அடையாளங்களும் அதில் இருக்கின்றன. கவ்வுகிறது. இனம் பார்த்துத் தேர்ந்தெடுத்த செயல் அல்ல இது. அந்தக் கணத்தில் ஒரு நீர்த்தெள்ளு நகர்ந்திருந்தால் அதைக் கவ்வியிருக்கும். சகோதரனின் கால் நகர்ந்ததால் அதைக் கவ்வியது. அவ்வளவுதான்.

ஆகவே தீர்வு குற்றவாளியைத் தேடுவதில் இல்லை. இரையைப் போதுமான அளவு, நாளுக்கு இரண்டு முறையாவது தர வேண்டும். நெரிசலைக் குறைக்க வேண்டும். அளவு வாரியாகத் தரம் பிரிக்க வேண்டும். அதையும் ஒரு முறை செய்துவிட்டு விட்டுவிட முடியாது, ஒரே வயதுக் குஞ்சுகள் வெவ்வேறு வேகத்தில் வளர்வதால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒளிந்துகொள்ள நீர்ச்செடி இருந்தால் நல்லது. ‘கால்கவ்வல்’ என்ற சொல் இந்த வழியில் வளர்ப்பவரின் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறது. எதைக் கவ்வுகிறது, எப்படிக் கவ்வுகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. செவுள் இழைகளும் சில நேரம் கடிபடுகின்றன என்று அம்மா ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தார்; உண்மைதான். அதற்காக ‘உறுப்புக்கவ்வல்’ என்று நீட்டலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் முதலில் போவது கால்தான், அதிகம் போவதும் கால்தான். பெரும்பான்மை பற்றிப் பெயர் வைப்பது நம் மரபுக்குப் புதிதல்ல.

> கவ்வல் என்றால் தாடையால் இறுகப் பிடிப்பது. ஆக்சலாட்டில் நீரை உறிஞ்சி இரையை இழுப்பது. இரண்டும் ஒன்றா?

மிக நல்ல கேள்வி. இரண்டு நாட்களாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இரை சிறியதாக இருந்தால் வாய் திறந்து மூடுவதற்குள் அது உள்ளே போய்விடுகிறது. அங்கே ‘உறிஞ்சி விழுங்கல்’ என்பதே சரி. கால் அப்படி உள்ளே போவதில்லை. அது மறுமுனையில் ஓர் உடலோடு ஒட்டியிருக்கிறது. இழுப்பில் பாதி வந்து நிற்கும் காலின் மேல் தாடை மூடுகிறது. அந்த இடத்தில் நடப்பது கவ்வல்தான். கடிபட்ட குஞ்சு துள்ளி விலகும்போது கால் அறுந்துபோகிறது. செயல் உறிஞ்சலில் தொடங்கிக் கவ்வலில் முடிகிறது. சேதம் நேரும் நொடியைத்தான் பெயர் குறிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

‘தன்னினவுண்ணல்’ என்ற சொல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்கு உரிய இடம் இரண்டு. ஒன்று, அளவு வேறுபாடு மிகுந்து பெரியது சிறியதை முழுதாக விழுங்கிவிடுவது. தரம் பிரிக்காத தொட்டியில் இது நிச்சயமாக நடக்கும், அதை அப்படியே பெயர் சொல்லி எச்சரிக்க வேண்டும். மற்றொன்று, ஆக்சலாட்டிலுக்கு நெருங்கிய உறவான புலி சாலமாண்டர். அதன் குஞ்சுகளில் சில, கூட்டம் மிகுந்த குட்டைகளில், தலை அகன்று, வாய் பெரிதாகி, தம் இனத்தையே இரையாகக் கொள்ளும் தனி வடிவமாக வளர்கின்றன. உடலே அதற்கென மாறிவிடுகிறது. அதுவல்லவா தன்னினவுண்ணல்! பசியோடு அசைவைக் கண்டு வாய் திறந்த ஒரு சென்டிமீட்டர் குஞ்சுக்கும் அதற்கும் ஒரே பெயரைச் சூட்டினால் இரண்டில் ஒன்றை நாம் தவறாகப் புரிந்துகொண்டதாகத்தான் ஆகும்.

‘கால் போனாலும் திரும்ப முளைத்துவிடுமே, இதற்கு ஏன் இவ்வளவு கவலை’ என்றும் ஒருவர் கேட்டிருந்தார். முளைக்கும், குஞ்சுப் பருவத்தில் சில வாரங்களிலேயே முளைக்கும். பாடநூல்கள் சொல்லும் ‘இழப்பு மீட்டல்’ என்ற சொல் இந்த உயிரிக்கு மிக அழகாகப் பொருந்துகிறது, அதை அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் கடிபட்டு வளரும் கால் எப்போதும் பழைய வடிவில் வருவதில்லை. விரல் கூடியும் குறைந்தும், சில நேரம் கோணலாகவும் வரும். புண்ணில் பூஞ்சை பிடிக்கலாம். வளர வேண்டிய சத்து காலை மீட்பதில் செலவாகிறது. மீண்டு வரும் உயிரி என்பதற்காக அதைக் காயப்பட விட்டுவிடுவது வளர்ப்பு ஆகாது. இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, ‘உயிருணவு’. மீன் வளர்ப்போர் நெடுங்காலமாக ‘உயிர் உணவு’ என்றுதான் சொல்லி வருகிறார்கள். அதை மாற்றத் துணிவது தேவையா என்று கேட்கலாம். பொதுவான இடங்களில் அதுவே இருக்கட்டும். குஞ்சுப் பருவத்தைப் பேசும் இயலில் மட்டும் ‘உயிரிரை’ என்று எழுதலாம் என்பது என் வேண்டுகோள். உணவு தட்டில் கிடக்கும், இரை நகரும். இங்கே வேறுபாடே அந்த நகர்வில்தான் இருக்கிறது. உறைய வைத்த ஆர்ட்டீமியாவும் (உப்புநீரில் வாழும் சிற்றிறால் போன்ற உயிரி) உணவுதான், ஆனால் இந்தக் குஞ்சுக்கு அது இரை ஆகாது.

ஆர்ட்டீமியா பற்றிய பகுதியில் மூன்று சொற்கள் நிலுவையில் இருக்கின்றன. கடையில் பொடிபோல் கிடைப்பதை ‘முட்டை’ என்று எழுதியிருக்கிறோம். அது உண்மையில் வளர்ச்சி நின்று, உலர்ந்து, உறையிட்டு உறங்கும் கரு. ‘உறங்குமுட்டை’ என்றால் இரண்டு சொல்லில் அந்தச் செய்தி வந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருப்பது ஏன் என்பதும் விளங்கும். பொரித்த குஞ்சுக்கு ‘நாப்ளியஸ்’ என்றே விட்டுவிடலாம், எல்லாரும் அறிந்த சொல்.

மூன்றாவது, ஒவ்வொரு முறையும் பொரிக்க வைக்கும் அளவு. இதற்கு ‘தொகுதி’ என்று போட்டிருக்கிறார்கள். ‘ஈடு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். அடுக்களையில் ஒரு முறை அடுப்பேற்றி இறக்குவதை ஒரு ஈடு என்கிறோமே, அதே சொல். ‘தொகுதி’யில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது, ‘ஈடு’ என்பதில் ஒன்று இறங்கும்போது அடுத்தது ஏறுகிறது என்ற தொடர்ச்சியும் இருக்கிறது. பெருந்திரள் வளர்ப்பில் அந்தத் தொடர்ச்சிதான் உயிர். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு கலந்த நீரில், 26 முதல் 28 டிகிரி வெப்பத்தில், வெளிச்சமும் காற்றோட்டமும் கொடுத்தால் பொரிக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பொரித்த நாப்ளியஸ் முதல் சில மணி நேரம் எதையும் தின்னாது. தன் கருவுணவைத்தான் செலவழிக்கும். நேரம் போகப் போக ஆக்சலாட்டில் குஞ்சுக்குக் கிடைக்க வேண்டிய சத்து குறைந்துகொண்டே வரும். எனவே நேற்றைய ஈட்டை நாளைக்கு வைத்திருக்க முடியாது. இன்றைக்கு ஓர் ஈடு இறங்கும்போதே நாளைக்கு உரியது ஜாடியில் இருக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் அன்று மாலையே தொட்டியில் கால்கவ்வல் தொடங்கிவிடும். இரண்டு சொற்களையும் கையேட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் வைக்க விரும்புவது இதனால்தான்.

இந்த இடத்தில் ஒரு சிறு குறிப்பு சேர்க்கலாம். ஆக்சலாட்டிலுக்கு 16 முதல் 18 டிகிரி குளிர்ச்சி வேண்டும், ஆர்ட்டீமியாவுக்கு அதைவிடப் பத்து டிகிரி கூடுதல் சூடு வேண்டும். ஒரே அறையில் இரண்டையும் வைப்பவர்கள் ஜாடியைத்தான் சூடாக்க வேண்டும், அறையை அல்ல. நாப்ளியஸை நுண்வலையில் வடித்து நன்னீரில் அலசிவிட்டே தொட்டியில் விட வேண்டும். நன்னீரில் அவை சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். செத்தவை அடியில் படிந்து நீரைக் கெடுக்கும், உறிஞ்சுகுழலால் அன்றன்றைக்கே எடுத்துவிட வேண்டும். குஞ்சு வயிறு நிறையத் தின்றதா என்பதற்கு வேறு சோதனையே வேண்டாம்: தோல் ஊடுருவித் தெரிவதால் வயிறு செம்மஞ்சளாக மின்னும். ‘வயிற்றுநிறம்’ என்று ஒரு பதிவைச் சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

குஞ்சா, குடம்பியா என்ற விவாதத்தைச் சுருக்கமாகவே தொடுகிறேன். இலங்கைப் பாடநூல்களின் ‘குடம்பி’ எனக்கு மிகவும் பிடித்த சொல். பொதுவாக லார்வாவுக்கு அதையே ஆதரிக்கிறேன். ஆனால் ஆக்சலாட்டில் செவுளோடு, நீரை விட்டு வெளியேறாமல், குடம்பி வடிவிலேயே முட்டையிடும் உயிரி. 1860களில் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்கு வந்தவற்றில் ஆறு, பிரெஞ்சு விலங்கியலாளர் ஒகுஸ்ட் டுமெரிலிடம் சேர்ந்து 1865இல் இனம் பெருக்கியபோது அறிவியலாளர்கள் வியந்தது இதைத்தான். முதிர்ந்ததும் குடம்பி, பொரித்ததும் குடம்பி என்றால் கையேட்டில் எதை எதிலிருந்து பிரிப்பது? ‘தலைப்பிரட்டை’யும் ஆகாது: பெரும்பாலான தவளைகளின் தலைப்பிரட்டை பாசி சுரண்டித் தின்னும், இதுவோ முதல் வாயிலிருந்தே வேட்டையாடி. தொல்காப்பிய மரபியல், பறப்பவற்றின் இளமைக்கும் தவழ்பவற்றின் இளமைக்கும் ‘பார்ப்பு’, ‘பிள்ளை’ என்று இரண்டு பெயர்களைத் தருகிறது. ‘பார்ப்பு’ நல்ல சொல், ஆனால் இன்று அதைக் காண்பவர் பார்வை என்று படித்துவிடுவார். முட்டையிலிருந்து வருவதைக் ‘குஞ்சு’ என்பது எல்லாருக்கும் விளங்கும். நான்கு காலும் முளைத்து முடியும் வரை ‘குஞ்சு’, அதன் பின் ‘இளம் ஆக்சலாட்டில்’ என்று வைத்தால் போதும்.

இனி செய்ய வேண்டியது இரண்டு. ‘கால்கவ்வல்’ மீது மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள். ‘உறுப்புக்கவ்வல்’ வேண்டும் என்பவர்களும் அப்படியே. கடல்மீன் குஞ்சு வளர்ப்பில் கை வைத்த உறுப்பினர்கள், அங்கே உறங்குமுட்டையின் உறையை மருந்திட்டுக் கரைக்கும் வேலைக்குத் தொழிலாளர்கள் வாயில் ஏதாவது சொல் புழங்குகிறதா என்று கேட்டுச் சொன்னால் பெரிய உதவி. ‘உறைநீக்கல்’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் என்னுடையதை எடுத்துவிடுவேன்.

அன்புடன்,
வளர்ப்பு இயல் பகுதியைத் தொகுப்பவன்