கறுப்பு பீன்ஸ் சூப், சிவப்பு பீன்ஸ் சூப்: மத்திய அமெரிக்கச் சமையல் செய்தவர்களின் அனுபவங்கள்

பலர் எழுதிய குறிப்புகள் இவை, * * * வரும் இடத்தில் வேறொருவர் தொடர்கிறார். முதலில் கறுப்பு பீன்ஸ் சூப். கோஸ்டாரிகாவில் இதற்கு ‘சோப்பா நெக்ரா’ என்று பெயர். சாமான் ரொம்பக் குறைவு: கறுப்பு பீன்ஸ் (ராஜ்மா இனத்துக் காய்ந்த கறுப்புப் பயறு), வெங்காயம், பூண்டு, குடைமிளகாய், ஒரு பிடி தழை, ஆளுக்கொரு முட்டை. ராஜ்மா மசாலா செய்து பழகிய கை இதைக் கெட்டியாக்கத்தான் பார்க்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இதில் பயறு வெந்த தண்ணீர்தான் சூப்பே. அதன் நிறமும் ருசியும் கெடாமல் காப்பாற்றிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

நாலு பேருக்கு: கறுப்பு பீன்ஸ் 250 கிராம், தண்ணீர் 2 லிட்டர், பெரிய வெங்காயம் 1, சிவப்புக் குடைமிளகாய் பாதி, பூண்டு 5 பல், காய்ந்த ஓரிகானோ கால் டீஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன், முட்டை 4.

பயறைக் கல் பார்த்து இரண்டு தடவை அலசி, இரண்டு பல் பூண்டை நசுக்கிப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். பத்து நிமிடம் தளதளவென்று கொதித்ததும் தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே விலக்கி வையுங்கள். ஊறப்போடாத பயறு என்றால் ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். பயறுக்கு மேலே இரண்டு விரற்கடை தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். குறைந்தால் கொதிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள்.

விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு இல்லாமல் மசிகிறதா? அப்போது வாணலியில் எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் குடைமிளகாயையும் சிறு தீயில் எட்டு நிமிடம் வதக்குங்கள். சிவக்கக் கூடாது. மிச்சப் பூண்டு, ஓரிகானோ சேர்த்து ஒரு நிமிடம். ஒரு கரண்டி பயறை அந்த வாணலியிலேயே போட்டு மசித்து, எல்லாவற்றையும் பானையில் கொட்டி, உப்புப் போட்டு இன்னும் கால் மணி நேரம். கடுகு, சீரகம், பெருங்காயம் எதுவும் வேண்டாம். போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு சாப்பாடு.

* * *

அளவெல்லாம் சரி. ஊறவைப்பது பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன்.

கறுப்பு பீன்ஸின் நிறம் தோலில் இருக்கிறது, தண்ணீரில் கரையும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் பாதி நிறம் அதோடு போய்விடும். சூப் சாம்பல் பூத்தாற்போல் வரும். அங்கே பலரும் கறுப்பு பீன்ஸை ஊறவைக்காமலே அடுப்பில் ஏற்றுவதற்கு இது ஒரு காரணம்.

சிவப்பு பீன்ஸ் விஷயம் வேறு. அதில் லெக்டின் என்ற புரதம் அதிகம். சரியாக வேகாத நாலைந்து பயறே வாந்தி, வயிற்றுப்போக்கு கொண்டுவந்துவிடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். அதற்குப் பிறகுதான் சிறு தீ. கொதி நிலைக்கே போகாத மின்சார ஸ்லோ குக்கரில் வேகாத சிவப்பு பீன்ஸை நேரடியாகப் போடவே கூடாது. 80 டிகிரிக்குக் கீழே வெந்தால் அந்த நஞ்சு அழியாது, பச்சையாக இருப்பதைவிடக் கூடும்.

வெயில் காலத்தில் இரவு முழுக்க வெளியே ஊறினால் நுரைத்துப் புளித்துவிடும். ஃபிரிட்ஜில் வையுங்கள்.

* * *

குக்கரில் செய்பவர்களுக்கு: 250 கிராம் பயறுக்கு 1.2 லிட்டர் தண்ணீர் போதும், மிச்சத்தைப் பிறகு வெந்நீராகச் சேர்க்கலாம். குக்கர் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. பீன்ஸ் நிறைய நுரைக்கும், நுரை போய் வெயிட் துளையை அடைத்துக்கொள்ளும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

ஊறிய பயறு என்றால் முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் எட்டு முதல் பத்து நிமிடம். ஊறாதது என்றால் அரை மணி நேரம். விசில் எண்ணிக்கையை நம்பாதீர்கள், குக்கருக்குக் குக்கர் மாறும். பிரஷரைத் தானாக இறங்கவிடுங்கள். கரண்டியால் வெயிட்டைத் தூக்கினால் உள்ளே திடீரென்று கொதி எழும்பித் தோல் எல்லாம் உரிந்து மிதக்கும்.

குக்கர் சூப்பில் ஒரு குறை உண்டு: ஆவி வெளியே போகாததால் சாறு நீர்த்து நிற்கும். திறந்தபின் இருபது நிமிடம் மூடாமல் கொதிக்கவிட்டால் சரியாகும். இதைச் செய்யாமல் “சப்பென்று இருக்கிறது” என்பவர்கள்தான் அதிகம்.

* * *

எவ்வளவு கொதித்தாலும் வேகாத பயறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று காரணங்கள்.

பெரும்பாலும் பயறு பழசாக இருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பீன்ஸ் நாள் முழுக்கக் கொதித்தாலும் மாவாகாது. அதற்கு மருந்து இல்லை, கடையை மாற்றுங்கள்.

இரண்டாவது தண்ணீர். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் தோலை இறுக்கிப் பிடிக்கும். கேன் தண்ணீரிலோ வடிகட்டிய தண்ணீரிலோ வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஆப்ப சோடா ஒரு சிட்டிகை வேலை செய்யும்தான். ஆனால் கால் டீஸ்பூனைத் தாண்டினால் சோப்பு வாசனை வரும், தோல் கூழாகும்.

மூன்றாவது புளிப்பு. தக்காளி, எலுமிச்சை, நார்த்தை எதுவானாலும் பயறு முழுதாக வெந்த பிறகுதான். சீக்கிரம் போட்டால் வேகல் அங்கேயே நின்றுவிடும்.

“உப்பை முதலில் போட்டால் வேகாது” என்று மத்திய அமெரிக்காவிலும் சொல்வார்கள், நம் ஊரிலும் சொல்வார்கள். பீன்ஸைப் பொறுத்தவரை அது சரியில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் உப்புப் போட்டு ஊறவைத்தால் சோடியம் தோலிலுள்ள கால்சியத்தை வெளியேற்றும். தோல் வெடிக்காமல் மெத்தென்று வேகும். அப்படிச் செய்தால் சூப்பில் போடும் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

* * *

மன்னிக்கவும், ஆனால் அந்த உப்புத் தண்ணீர் முறை சிவப்பு பீன்ஸுக்குத்தான் பொருந்தும். கறுப்புக்குச் செய்தால் மேலே சொன்ன நிறப் பிரச்சினை வந்துவிடும். கறுப்பு பீன்ஸுக்கு அரை டீஸ்பூன் உப்பைக் கொதிக்கும் தண்ணீரிலேயே ஆரம்பத்தில் போட்டுவிட்டு மிச்சத்தைக் கடைசியில் சேருங்கள். அது போதும்.

இன்னொன்று: இங்கே ஒருவர் கறுப்பு உளுந்தில் செய்யலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. உளுந்து வேறு இனம், கொழகொழப்பு வேறு. தட்டைப்பயறும் ஆகாது. ராஜ்மா மட்டும் இதே இனம். ஜம்மு பக்கத்துச் சின்னச் சிவப்பு ராஜ்மா எல் சால்வடார், நிகராகுவா பீன்ஸுக்கு அருகில் வரும். புள்ளி போட்ட சித்ரா ராஜ்மா மாவாக இருப்பதால் சாறு கலங்கிவிடும்.

* * *

தழை: கோஸ்டாரிகாவில் போடுவது ‘குலாந்த்ரோ கொயோத்தே’. நீளமாக, ஓரம் பல் பல்லாக இருக்கும் இலை. கேரளத்தில் ஆப்பிரிக்கன் மல்லி என்று விற்பது இதுவேதான், தென் தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. மூன்று நான்கு இலையைக் கடைசி அரை மணி நேரத்தில் முழுசாகப் போட்டு, பரிமாறும்போது எடுத்துவிடுங்கள். கொதியைத் தாங்கும் வாசனை அது. நம் கொத்தமல்லித் தழை தாங்காது, அடுப்பை அணைத்த பிறகு தூவ வேண்டும். தண்டை மட்டும் கட்டாகக் கட்டிக் கொதியில் போடலாம்.

குவாத்தமாலாவில் கறுப்பு பீன்ஸுக்கு ‘அபசோத்தே’ போடுவார்கள். காரமான, மருந்து போன்ற நெடி. ஒரு கொத்துக்கு மேல் போனால் சூப் முழுக்க அதுதான் வீசும்.

எல் சால்வடார் சூப்பில் வரும் ‘சிப்பிலின்’ கீரை பற்றி ஒரு எச்சரிக்கை. அது நம் ஊர் கிலுகிலுப்பைச் செடியின் குடும்பம் என்று படித்துவிட்டு யாரும் வேலியோரத்தில் பறித்துப் போட்டுவிடாதீர்கள். அந்த இனத்துச் செடிகள் பலவற்றில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. முருங்கைக்கீரையைப் போடுங்கள். ருசி அப்படியே வராது, ஆனால் சூப்போடு ஒட்டிப் போகும்.

* * *

சிவப்பு பீன்ஸ் சூப் கறுப்பைவிடக் கனம். எல் சால்வடாரிலும் ஹோண்டுராஸிலும் பன்றி விலா எலும்போடு வைப்பது உண்டு. அரை கிலோ எலும்பை முதலில் தனியே ஒரு கொதி விட்டு அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பயறோடு சேர்த்து வேகவையுங்கள். பயறு வெந்தபின் பச்சை வாழைக்காய் இரண்டைத் தோல் சீவித் துண்டமாக்கிப் போட வேண்டும். நறுக்கியவுடன் உப்புத் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். கால் மணி நேரத்தில் வெந்துவிடும்.

‘மசித்தாஸ்’ என்ற சோள உருண்டை போடுபவர்கள் கவனிக்க: கடையில் கிடைக்கும் சாதா மக்காச்சோள மாவு ஆகவே ஆகாது, சூப்பில் கரைந்து கஞ்சியாகிவிடும். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த மக்காச்சோளத்தில் அரைத்த ‘மாசா ஹரினா’ வேண்டும், அதுதான் பிடிபடும். 100 கிராம் மாவுக்குச் சுமார் 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், சிட்டிகை உப்பு, ஒரு டீஸ்பூன் நெய் அல்லது பன்றிக் கொழுப்பு. பிசைந்து பத்து நிமிடம் மூடி வைத்து, எலுமிச்சையில் பாதி அளவு உருட்டுங்கள். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். வெடித்தால் மாவு காய்ந்திருக்கிறது, கரைந்தால் தண்ணீர் அதிகம்.

நிகராகுவாவில் பயறை அரைத்து வடிகட்டி, தோலில்லாத வழவழப்பான சூப்பாக வைப்பதும் உண்டு. சூடாக மிக்ஸியில் போட்டால் மூடி பறக்கும், ஆறவிட்டு அரையுங்கள்.

* * *

முட்டை உடைந்து சூப் கலங்குகிறது என்பவர்களுக்கு: கொதிக்கிற சூப்பில் ஊற்றுகிறீர்கள். தீயைக் குறைத்து, ஓரத்தில் மட்டும் சின்னக் குமிழி வரும் நிலையில், கிண்ணத்தில் உடைத்த முட்டையைச் சூப்பின் மேல்மட்டத்தோடு ஒட்டிப் பிடித்துச் சரித்துவிடுங்கள். கிளறக் கூடாது. மஞ்சள் கரு இளக வேண்டுமென்றால் நாலு நிமிடம், கெட்டியாக வேண்டுமென்றால் ஏழு. பயம் இருந்தால் தனியே அவித்து உரித்துப் போடுங்கள், கோஸ்டாரிகாவில் அதுவும் வழக்கம்தான்.

சூப்பின் மேலே விடும் ‘கிரெமா’வுக்கு (லேசாகப் புளித்த கிரீம்) பதிலாகத் தயிர் ஊற்றினால் திரிந்துவிடும். 200 மில்லி கிரீமில் ஒரு டேபிள்ஸ்பூன் தயிர் கலந்து இரவு வெளியே வைத்து, காலையில் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். பரிமாறிய கிண்ணத்தில்தான் விட வேண்டும், பானையில் வேண்டாம்.

* * *

மறுநாள் காலை ‘கயோ பிந்தோ’ (பயறும் சாதமும் சேர்த்துக் கிளறியது) செய்ய நினைப்பவர்கள், வதக்கியதைக் கொட்டுவதற்கு முன்பே ஒரு கப் பயறும் அரை கப் சாறும் எடுத்து வையுங்கள். இரண்டு கப் பழைய சாதத்துக்கு அது சரியாக இருக்கும். சாதம் உதிரியாக, ஃபிரிட்ஜில் வைத்ததாக இருக்க வேண்டும். சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சாதம் புள்ளி புள்ளியாக நிறம் பிடித்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள்.