மாரிக்கு முன் மூன்று சனி ஞாயிறு: கூரையா, கிணறா, நெடுங்கேணிப் பயணமா?

பரந்தன் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு பரந்தனில், ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. எனக்கு வேலை வவுனியாவில். வெள்ளி பின்னேரம் பஸ்ஸில் வந்து ஞாயிறு பின்னேரம் திரும்புவேன். புரட்டாதி பாதி போய்விட்டது. ஐப்பசி பிறந்தால் எந்த நாளும் மழை பிடிக்கும். கையில் இருப்பது மூன்று சனி ஞாயிறு மட்டும்.

வீட்டுக்கு ஓடு. குசினிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் கிடுகு. போன மாரியில் அடுப்புக்கு நேர் மேலே ஒழுகி, அம்மா ஒரு மாதமாகச் சட்டி பானையை இடம் மாற்றி மாற்றி வைத்துச் சமைத்தார். இந்த முறை அப்படி விட மாட்டேன். இவ்வளவு நாளும் அப்பாதான் எல்லாம் பார்த்தார். இப்போது முழங்கால் அவரை ஏணியில் ஏற விடாது. கதிரையைப் போட்டு முற்றத்தில் இருந்து சொல்லித்தர ஆயத்தமாக இருக்கிறார். குசினி மேய வேண்டும், முகட்டு ஓடு இரண்டு வெடித்திருக்கிறது, பீலி முழுக்க வேப்பஞ்சருகு, கிணறு இறைக்க வேண்டும், தெற்கு வேலி விழுந்து கிடக்கிறது, விறகும் சேர்க்கவில்லை. வயல் விதைப்பை மாமா பார்ப்பார், அந்தக் கவலை இல்லை.

இன்னொரு விஷயம். நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரக் கிராமம் ஒன்றில் என் சிநேகிதி இருக்கிறாள். 2009 இல் செட்டிகுளம் முகாமில் எங்கள் இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம். அந்த ஓகஸ்ட் மழையில் எங்கள் பக்கம் தண்ணீர் ஏறிய இரவில் அவளுடைய அம்மா வந்து எங்களை இழுத்துக்கொண்டு போய்த் தங்கள் தறப்பாளுக்குள் படுக்க வைத்தார். எனக்கு அப்போது பதினொரு வயது. இரண்டு வருடமாக நேரில் போகவில்லை. மாரியில் பாதை சரியில்லை, தை மாசியில் அறுவடை என்று தள்ளிப் போய்விட்டது. இப்போது அவளுடைய அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறதாம்.

எதை முதலில் செய்வது? நெடுங்கேணிக்கு ஒரு சனி ஞாயிறை முழுதாக ஒதுக்கினால் வீட்டு வேலை முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கண்டாவளை விவசாயி எழுதியது:

பிள்ளை, கூரைதான் முதல். மற்றதெல்லாம் மழை தொடங்கிய பிறகும் எப்படியோ செய்யலாம், நனைந்த கூரையில் ஏற முடியாது.

பழைய கிடுகுக்கு மேலே புதுக் கிடுகைப் போட வேண்டாம். கீழே உக்கியது மேலே உள்ளதையும் உக்க வைக்கும். எல்லாவற்றையும் இறக்கி, கறையான் தின்ற சலாகையை மாற்றிவிட்டு மேயுங்கள். தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டுக்குப் போக வேண்டும். ஒரு வரிசையின் மேல் அடுத்த வரிசை நன்றாக ஏறி இருக்கட்டும். இடைவெளி கூடினால் கிடுகு மிச்சம், ஒழுக்கும் மிச்சம். பனையோலை கிடைத்தால் அடுப்புக்கு மேல் பக்கத்துக்கு அதைப் போடுங்கள், கிடுகை விடக் கனகாலம் நிற்கும்.

வேலிக்கு அவசரப்பட வேண்டாம். கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியாலை இப்போது காய்ந்த மண்ணில் நட்டால் பாதி பட்டுப்போகும். முதல் மழை மண்ணை நனைத்த பிறகு நடுங்கள், தானாக வேர் விடும். அதுவரை மாடு வராமல் முள்ளுக் கொப்பை இழுத்து வைத்தால் போதும்.

விறகைச் சுவரோடு சேர்த்து நிலத்தில் அடுக்காதீர்கள். மழைக்கு விரியன் ஒதுங்குவது அங்கேதான். நாலு தடியில் பரண் கட்டி மேலே அடுக்குங்கள். விறகுக்காகப் பழக்கமில்லாத பற்றைக்குள் இறங்கவும் வேண்டாம். எங்கள் மண்ணில் மிதிவெடி இன்னும் முழுதாக எடுத்து முடியவில்லை.

2018 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் விதைநெல்லும் காணி உறுதியும் ஒன்றாக நனைந்தன. நெல்லைத் திரும்ப வாங்கினேன். உறுதியின் பிரதி எடுக்க எத்தனை நாள் அலைந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். பத்திரங்களைப் பொலித்தீனில் சுற்றி உயரத்தில் வையுங்கள். அரை மணித்தியால வேலை.

கிணற்றுத் தம்பி எழுதியது:

அக்கா, கிணறு இறைக்க இதுதான் காலம், தண்ணீர் அடியில் நிற்கும். மழை தொடங்கிவிட்டால் ஊற்று ஏறிவிடும், ஈரத்தில் மண் கட்டும் சரியும்.

ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். தண்ணீர் இறைக்கும் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்க யாரையும் விடாதீர்கள். தண்ணீர் ஆழத்தில் நிற்கிறது, குழாய் எட்டவில்லை என்று பாதிக் கிணற்றில் பலகை போட்டு வைப்பார்கள். பெற்றோல் மெசினானாலும் மண்ணெண்ணெய் மெசினானாலும் அதன் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. அது கிணற்றுக்குள் தங்கும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. இறங்கினவர் மயங்க, அவரைத் தூக்க இறங்கினவரும் போவார். விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். காற்றே இல்லாவிட்டால் விளக்கு அணையும், உண்மைதான். ஆனால் மெசின் புகை நிறைந்திருந்தாலும் விளக்கு அணையாமல் எரியக்கூடும். அதை நம்பி இறங்கக் கூடாது. கரண்டில் ஓடும் நீர்மூழ்கி மோட்டர் வாடகைக்குக் கிடைக்கும், அதை எடுங்கள். சேறு அள்ள இறங்குபவரின் இடுப்பில் கயிறும் மேலே இரண்டு பேரும் கட்டாயம். அதற்கு முன் மோட்டரின் கரண்டை நிறுத்திக் கழற்றிவிட வேண்டும்.

அப்புறம் குளோரின். எவ்வளவு என்பதைக் கிணற்றின் அளவைச் சொல்லி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான் அக்கா எழுதியது:

தங்கச்சி, நீங்கள் ஒரு சனி ஞாயிறையும் இழக்கத் தேவையில்லை. வவுனியாவிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில்தானே புளியங்குளம்! வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போடுங்கள். புளியங்குளத்தில் இறங்கி நெடுங்கேணி பஸ் எடுங்கள். இரவு சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டு, சனி விடிந்ததும் புறப்பட்டால் மத்தியானத்துக்கு முன் பரந்தனில் நிற்பீர்கள்.

ஆனால் பொழுதுபட முன்னர் அங்கே போய்ச் சேர வேண்டும். மைம்மலுக்குப் பிறகு யானை வீதியில் ஏறும். மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போக வருபவரையும் இருட்டில் திரும்ப விடாதீர்கள்.

வெறுங்கையோடு போகாதீர்கள், பெரிதாகவும் வேண்டாம். காட்டுப் பக்கத்தில் கடல் சாமான்தான் அருமை. நல்ல நெத்தலிக் கருவாடு அரைக் கிலோ கொண்டுபோனால் அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள்.

அவருடைய கண்ணைப் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது. என் மாமிக்கும் இப்படித்தான் மங்கியது, வயசு என்று விட்டுவிட்டோம். பார்த்தால் வெண்புரை. சிறிய சத்திரசிகிச்சை, இப்போது அரிசியில் கல் பொறுக்குகிறார். நீங்கள் வவுனியாவில்தானே இருக்கிறீர்கள். மழைக்கு முன் ஒரு நாள் பெரியாஸ்பத்திரி கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். பாதை பழுதானால் பிறகு தைக்குத்தான்.

பரந்தன் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி வெள்ளியே போனேன். புளியங்குளம் எத்தனை தரம் பஸ் ஜன்னலில் கடந்து போன இடம், இறங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

சிநேகிதியின் அம்மா படலையடிக்கு வந்து நின்றார். என் குரல் கேட்கும்வரை ஆர் என்று தெரியவில்லை. அப்புறம் விடவில்லை. இரவு புட்டும் எருமைத் தயிரும். வரும்போது பாலைப்பழத்தில் காய்ச்சிய பாலைப்பாணி ஒரு போத்தல் தந்தார். கண் தெரியாமல் எப்படிக் காய்ச்சினீர்கள் என்று கேட்டேன், மகள் நிறம் பார்த்தாள், நான் மணம் பார்த்தேன் என்றார். வருகிற புதன் கிளினிக். சிநேகிதி கூட்டி வருவாள், நான் பஸ் நிலையத்தில் நிற்பேன்.

சனி பின்னேரமும் ஞாயிறும் குசினியில்தான். தம்பி மேலே, நான் ஏணியில், அப்பா கதிரையில். மூன்றாவது வரிசை இடைவெளி கூடிவிட்டது என்று அவிழ்க்கச் சொன்னார், அவிழ்த்துத் திரும்பக் கட்டினோம். ஒரு பக்கம் முகடு வரை முடிந்தது. மற்றப் பக்கத்துக்கு சிநேகிதியின் அண்ணன் அடுத்த சனி பனையோலையோடு வருகிறார். கிணற்றுக்கு நீர்மூழ்கி மோட்டரும் சொல்லி வைத்தாயிற்று. வேலியை மழைக்கு விட்டிருக்கிறேன்.