பிங்க் ஃபிளாய்ட் எங்கே உடைந்தது? 2005-இல் நடந்தது மறுஇணைவா?

தண்டையார்ப்பேட்டை வாசகர் (கேள்வி):
பழைய வண்ணாரப்பேட்டையில் நண்பர்கள் சிலர் மாலையில் கூடி சைக்கடெலிக் ராக் (கனவு போன்ற ஒலிகள் நிறைந்த ராக் இசை) கேட்பது வழக்கம். பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் இசைக்குழு 1965-இல் லண்டனில் தோன்றியது, 1973-இல் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தால் உலகப் புகழ் பெற்றது என்பதுவரை எங்களுக்குள் வேறுபாடு இல்லை. குழுவின் முதல் பாடகர் சிட் பாரெட் 1968-இல் விலகியதே பிளவு என்கிறார் ஒருவர். பேஸ் கிட்டார் கலைஞரும் பாடலாசிரியருமான ரோஜர் வாட்டர்ஸ் 1985-இல் வெளியேறியதே பிளவு என்கிறார் மற்றவர். எது சரி? 2005-இல் வறுமை ஒழிப்புக்காக நடந்த லைவ் 8 இசைநிகழ்ச்சி மேடையில் குழுவின் நால்வரும் ஒன்றாக வாசித்ததை மறுஇணைவு எனக் கொள்ளலாமா?

ராயபுரம் வாசகர்:
பாரெட் விலகியதைப் பிளவு என்று நான் சொல்லமாட்டேன். முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களை எழுதியவர், மனநலம் குலைந்து மேடையில் வாசிக்க இயலாத நிலைக்குச் சென்ற பிறகே கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் சேர்க்கப்பட்டார். 1975-இல் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பாரெட் வந்தபோது, உடல் பருத்து, தலையையும் புருவங்களையும் மழித்திருந்தவரைப் பழைய நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர்களோ அந்நாட்களில் அவரை நினைத்து இயற்றிய பாடலுக்குத்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவரை நோய் கொண்டுபோனது, அவர்கள் துரத்தவில்லை.

பெரம்பூர் வாசகர்:
தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவன் என்பதால் என் மனம் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் பக்கம் சாய்கிறது. உடைவு 1979-இல் நிகழ்ந்தது என்பேன். 'தி வால்' ஆல்பத்தின் ஒலிப்பதிவின்போது வாட்டர்ஸின் வற்புறுத்தலால் ரைட் நீக்கப்பட்டார். தாம் சேர்ந்து தொடங்கிய குழுவிலேயே, 1980-81 நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசிக்கும் கலைஞராக நின்றார். மேடையின் குறுக்கே பெருஞ்சுவர் எழுப்பிய அந்நிகழ்ச்சிகள் செலவு மிகுந்து நட்டத்தில் முடிந்தன. சம்பளம் பெற்ற ரைட் ஒருவருக்கே பணம் மிஞ்சியது. 1983-இல் வந்த ஆல்பத்தில் அவர் இல்லை. கிட்டாருக்கு வழிவிட்டு அடியில் பரவி நிற்கும் அவருடைய ஆர்கன் இல்லாததால், அது எனக்கு வாட்டர்ஸின் தனி ஆல்பமாகவே ஒலிக்கிறது. 1985-இல் வாட்டர்ஸின் வெளியேற்றமும், குழுவின் பெயருக்காக எழுந்து 1987-இல் சமரசத்தில் முடிந்த வழக்கும் இதன் தொடர்ச்சியே.

தண்டையார்ப்பேட்டை வாசகர்:
மிக்க நன்றி. அப்படியானால் 2005-ஐ எப்படிப் பார்க்கிறீர்கள்?

பெரம்பூர் வாசகர்:
மறுஇணைவாகவே பார்க்கிறேன், ஒரே நாள் என்றாலும். லைவ் 8 அமைப்பாளர் பாப் கெல்டாஃப் முயன்று இணைத்ததால், 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் வாட்டர்ஸ், கில்மோர், ரைட், டிரம்மர் நிக் மேசன் ஆகிய நால்வரும் 1981-க்குப் பின் முதன்முறையாக ஒரே மேடையில் வாசித்தார்கள். தொடர்ந்து சுற்றுப்பயணம் செல்லக் கில்மோர் விரும்பவில்லை, அதில் தவறில்லை. 2006-இல் பாரெட்டும் 2008-இல் ரைட்டும் மறைந்தார்கள். 2011-இல் வாட்டர்ஸின் லண்டன் நிகழ்ச்சியில் கில்மோரும் மேசனும் வந்து வாசித்ததைச் சிலர் இரண்டாவது மறுஇணைவு என்கிறார்கள். ரைட் இல்லாத அதை அப்படி அழைக்க எனக்கு மனம் வரவில்லை.