'லைட்டன்' என்றால் வெளிச்சமா, கனமா? நோட்டீஸ் அடித்து மாட்டிக்கொண்டேன்

பத்தாங்_அப்பா:
வணக்கம். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து எழுதுகிறேன். (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி எத்தனையோ வருஷமாகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) பிள்ளைகள் பள்ளிப்பையின் கனம் தாங்காமல் கூன் போட்டு நடக்கிறார்கள் என்று பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்தோம். நோட்டீஸை ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார், தமிழில் போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் போனில் மொழிபெயர்க்கப் போட்டு, வந்ததை அப்படியே அச்சடித்துவிட்டேன். படித்துப் பார்க்காதது என் தப்புதான். 'நம் பிள்ளைகளின் பைகளை ஒளிரச் செய்வோம்' என்று வந்திருந்தது.

கூட்டத்தில் ஒரு தாத்தா எழுந்து, "நல்ல யோசனைப்பா, காலையில் செம்பனைக்காட்டு ரோட்டில் இருட்டுக்குள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியட்டும், ஸ்டிக்கர் எங்கே ஒட்டப்போகிறீர்கள்?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது.

ஆங்கில நோட்டீஸில் இருந்த இந்த லைட்டன் (lighten) ஒரே சொல்தானா? மகள் மூன்றாம் படிவம் படிக்கிறாள், காரணம் கேட்டாள். 'வெளிச்சத்துக்குக் கனம் கிடையாது, அதனால் இரண்டுக்கும் லைட் என்று பெயர்' என்று சமாளித்து வைத்திருக்கிறேன். சரியா?

பழைய_வாத்தியார்:
தம்பி, கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் தப்பு. அது ஒரு சொல்லே இல்லை, இரண்டு. வெளிச்சத்தைக் குறிக்கும் லைட் வேறு வேரிலிருந்து வந்தது, கனமில்லாததைக் குறிக்கும் லைட் வேறு வேரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் காலப்போக்கில் இரண்டும் தேய்ந்து ஒரே ஒலிக்கு வந்துவிட்டன. ஆங்கிலத்துக்கு உறவு மொழியான ஜெர்மனைப் பாருங்கள், அங்கே வெளிச்சம் 'லிஷ்ட்', கனமற்றது 'லைஷ்ட்', இன்றைக்கும் தனித்தனி. மலாயிலும் உங்கள் மகளுக்கு இந்தக் குழப்பம் வராது, ஒன்று தெராங், இன்னொன்று ரிங்ஙான்.

எந்த லைட்டன் என்பது பக்கத்தில் நிற்கிற சொல்லைப் பொறுத்தது. வானம் என்றால் வெளுக்கிறது. முடி, தோல், சாயம் என்றால் நிறம் வெளிறுகிறது. பை, வரி, வேலை என்றால் குறைகிறது. மனசு என்றால் லேசாகிறது. முகம் என்று வந்தால் மட்டும் கொஞ்சம் தகராறு, முகம் மலர்ந்தது என்று போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் திருப்தி.

இன்னொன்று. மின்னலுக்கு உள்ள லைட்னிங் என்ற சொல்லும் வெளிச்ச லைட்டனிலிருந்து பிறந்ததுதான், நடுவில் இருந்த 'ஈ' எழுத்து மட்டும் உதிர்ந்துவிட்டது. அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டு, முகத்துக்குப் பூசுகிற கிரீமை 'மின்னல் கிரீம்' ஆக்கிய கட்டுரைகளை நான் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். ரயிலில் இறங்குவதற்கு 'அலைட்' என்கிறார்களே, அது கனத்தின் பக்கம். குதிரையிலிருந்து ஆள் இறங்கினால் குதிரைக்குப் பாரம் குறையும் அல்லவா, அப்படி வந்த சொல்.

மிஸ்ஸி_அக்கா:
வாத்தியார் ஐயா ஒன்றை விட்டுவிட்டார். நான் கிளினிக்கில் மிஸ்ஸியாக (நர்ஸாக) இருந்தவள். பிரசவத்துக்குச் சில வாரம் முன்னால் குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்கும். அதற்கும் ஆங்கிலத்தில் 'லைட்டனிங்' என்றுதான் பெயர். நெஞ்சுக்குக் கீழே இருந்த அழுத்தம் குறைந்து தாய்க்கு மூச்சுவிட லேசாகிவிடும், அதனால்! (ஆனால் பாத்ரூமுக்கு அடிக்கடி ஓட வேண்டிவரும், பாரம் எங்கும் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது.) தலைச்சன் பிள்ளைக்குத்தான் இப்படி முன்கூட்டியே தெரியும், அடுத்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வலி எடுக்கும்போதுதான் இறங்கும். தோட்டத்து லயத்துப் பாட்டிகள் பார்த்த உடனே 'வயிறு இறங்கிடுச்சு' என்பார்கள். படிக்க வந்த ஒரு பெண் இதை மின்னல் என்று நினைத்துக்கொண்டு தாய்மாரிடம் 'கண்ணில் மின்னல் மாதிரி தெரிகிறதா' என்று கேட்டுக்கொண்டிருந்தாள் 😄

வெட்டுக்காடு:
எல்லாரும் ஆங்கிலத்தையே குறை சொல்கிறீர்கள், நம் 'இலகு' என்ன வாழ்கிறதாம்? இலகு என்றால் கனமில்லாதது, சுலபமானது. இது சமஸ்கிருத லகுவிலிருந்து வந்தது, அந்த லகு ஆங்கிலத்துக் கனமற்ற லைட்டுக்குத் தூரத்து உறவு. ஆனால் தமிழில் 'இலகுதல்' என்று ஒரு பழைய வினையும் இருக்கிறது, அதற்கு ஒளிர்தல் என்று பொருள், இலங்குதல் என்கிறோமே அதுவேதான். ஆக நம்மிடமும் வேறு வேறு இடத்திலிருந்து வந்த இரண்டு சொற்கள் ஒரே உருவத்தில், அதுவும் அதே இரண்டு அர்த்தத்தில் உட்கார்ந்திருக்கின்றன! அகராதியில் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

என் அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் இறங்குவார், பாதி நிரை வெட்டும்போதுதான் வானம் வெளுக்கும், அப்புறம் மங்குப் பாலை (மரத்தில் கட்டிய கோப்பையில் சேர்ந்த பாலை) சேர்த்து வாளியைக் காண்டாவில் (தோளில் சுமக்கும் கம்பில்) தூக்கி வந்து ஸ்டோரில் ஊற்றினால்தான் தோள் லேசாகும். ஒரு காலைப்பொழுதில் இரண்டு லைட்டனும் முடிந்துவிடும், அம்மாவுக்கு ஒரு எழுத்து ஆங்கிலம் தெரியாது.

பழைய_வாத்தியார்:
வெட்டுக்காடு, இது எனக்கே புதுசு. ஆனால் லேசை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது 'லேசம்' வழி வந்தது, துளியளவு என்று அர்த்தம்.

பத்தாங்_அப்பா:
எல்லாருக்கும் நன்றி. வெளிச்சத்துக்குக் கனமில்லை என்று சொன்னதை மகளிடம் வாபஸ் வாங்கிவிட்டேன், அவள் இப்போது இலகுவைப் பிடித்துக்கொண்டு என்னையே கேள்வி கேட்கிறாள். புது நோட்டீஸில் 'பைக் கனத்தைக் குறைப்போம்' என்று போட்டாயிற்று. தாத்தா கேட்ட ஸ்டிக்கரும் ஐம்பது வாங்கிவிட்டோம், வெள்ளிக்கிழமை ஒட்டுகிறோம்.